தெளிவானது எனச் சான்றளிக்கப்பட்ட ஒலிபெருக்கி

மதுரனிடம் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள் இருந்தன. இரண்டும் சேர்ந்து ஒரு பெட்டியின் வேலையைக்கூடச் செய்ததில்லை. இடது பெட்டி காலையில் வாயே திறக்காது. இரவுப் பனியில் அதன் உள்ளே இருக்கும் காகிதக் கூம்பு ஊறிப்போயிருக்கும். வெயில் ஏறிப் பதினொரு மணியானால்தான் மெல்லத் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிக்கும். வலது பெட்டி எந்நேரமும் பேசும். என்ன பேசுகிறது என்பது அதற்கே வெளிச்சம். அதன் கூம்பில் ஒரு தடவை எலி வாய் வைத்துவிட்டது. கிழிந்த இடத்தில் மதுரன் சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினான். அன்றிலிருந்து எந்தப் பாட்டைப் போட்டாலும் பின்னணியில் ஒரு லொறி மேட்டில் ஏறிக்கொண்டே இருந்தது.

இதற்காக அவனை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. கொழும்பில் இனி எதற்கும் உதவாது என்று கழித்த பெட்டிகள் கண்டிக்கு வரும். கண்டியிலும் கழித்த பிறகு அவை மலை ஏறும். லிந்துலைப் பக்கம் ஒருவர் வைத்திருந்த பெட்டி கலியாண வீட்டில் நாதஸ்வரத்தைப் போட்டதும் அலறிய அலறலில், பட்டியில் கட்டியிருந்த மாடு பதில் கொடுத்தது. தலவாக்கலையில் இன்னொருவருடைய பெட்டி மூன்று பாட்டுக்கு ஒரு தடவை சூடேறி மயங்கிவிடும். அதைத் தட்டி எழுப்புவதற்கென்றே அவர் ஒரு தடி வைத்திருந்தார். தொழில் செய்பவர்கள் ஒன்றுகூடினால் தங்கள் பெட்டிகளின் வியாதிகளைப் பற்றித்தான் பேசுவார்கள். ஆஸ்பத்திரி வாசலில் நிற்பவர்கள் பேசுவதைப் போலவே இருக்கும்.

மஞ்சக்கலைத் தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப் பிரிவுக்கு மதுரன் ஒருவன்தான் டீஜே. அக்கரப்பத்தனையிலிருந்து உள்ளே போகும் அந்தப் பாதையில் வேறெவனும் தன் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வரத் துணியவில்லை. சடங்கு, கலியாணம், திருவிழா எல்லாவற்றுக்கும் அவனுடைய ஓட்டோவில்தான் சத்தம் வந்து இறங்கும். யாரும் பெரிதாகக் குறைப்பட்டதில்லை. மாப்பிள்ளையின் பெயர் ஸ்பீக்கரில் விளங்காவிட்டால் யாருக்கு என்ன நட்டம்? மாப்பிள்ளை யாரென்று எல்லோருக்கும் தெரியும். கெட்ட ஸ்பீக்கரால் ஒரு மனிதனுக்கு ஆபத்து வரும் என்பது அந்தச் சபை மலைக்கு வரும்வரை ஒருவருக்கும் தெரியாது.

சபையின் முழுப்பெயர் பெருந்தோட்ட வீடமைப்பு அறிவித்தல் சபை. வீடு கட்டுவது இதன் வேலை அல்ல. அதற்கு வேறொரு சபை உண்டாம். காணி அளப்பதற்கு இன்னொன்று. இது வீட்டை அறிவிக்கிற சபை. ஹட்டனில் மாடிக் கட்டடம், பதினேழு உத்தியோகத்தர், இரண்டு ஜீப். கட்டுகிற சபை ஒரு கல்லை எடுத்து வைப்பதற்குள் இவர்கள் ஆயிரத்து நானூறு வீடுகளை அறிவித்து முடித்திருந்தார்கள். அந்த வேகத்துக்காக ஒரு விருதும் வாங்கியிருந்தார்கள். அதையும் அவர்களேதான் அறிவித்தார்கள்.

கீழ்ப் பிரிவுக்கு இருபது வீடு என்று பேச்சு வந்தபோது மதுரன் இரண்டு நாள் நித்திரை கொள்ளவில்லை. போன மழைக்கு அவர்கள் குடியிருந்த லயத்து வரிசை வீட்டின் பின்னால் இருந்த மண்மேடு சரிந்து, சமையற்கட்டுச் சுவரை முழங்கால் அளவுக்கு முட்டிக்கொண்டு நின்றது. சுவரில் மேலிருந்து கீழே ஒரு வெடிப்பு. மகள் தனுஜா படுக்கிற பக்கம் அது. மனைவி ஜெயந்தினி கொழுந்து எடுக்கப் போகுமுன் தினமும் அதில் கைவிரலை வைத்துப் பார்ப்பாள். முதலில் சின்ன விரல் போனது. இப்போது சுட்டுவிரல் போகிறது. அடுத்த மழைக்குள் வீடு கிடைக்க வேண்டும், அல்லது எங்காவது போக வேண்டும். போவதற்கு ஓரிடமும் இல்லை.

சபையின் விழாக்களில் சபையின் சான்றிதழ் பெற்ற ஒலிபெருக்கியைத்தான் பாவிக்கலாம் என்பது விதி. தன் பிரிவில் நடக்கப்போகிற விழா தன் கையை விட்டுப் போகக்கூடாது என்று மதுரனும் பெட்டிகளை ஓட்டோவில் கட்டிக்கொண்டு ஹட்டனுக்குப் போனான். போகிற வழியில் தலவாக்கலையில் நஸார் நானாவின் கடையில் ஒரு புதுக் கூம்பையும் வாங்கிக்கொண்டான். சோதனையில் தோற்றால் அங்கேயே மாற்றிவிடுவது அவன் யோசனை.

ஒலி உத்தியோகத்தர் கிஷாந்த், வயதுக்கு மீறிய கண்டிப்பு உள்ளவர். காரியாலயத்தில் "அமைதி காக்கவும்" என்று மூன்று மொழியிலும் பலகை மாட்டியிருந்ததால் பெட்டிகளைச் சத்தம் போடாமலேயே சோதித்தார். நாடாவால் உயரம் அளந்தார். திருகாணிகளை எண்ணினார். பலகையை விரலால் தட்டிப் பார்த்தார். கடைசியாக, வயர் கொடுக்காத பெட்டியில் கண்ணை மூடிக் காதை வைத்து ஒரு நிமிடம் கேட்டார்.

"இரைச்சல் கொஞ்சமும் இல்ல" என்று எழுதினார்.

மதுரனுக்கு மனச்சாட்சி உறுத்தியது. "சார், கரண்ட் குடுத்தா இருக்குங்க" என்றான்.

கிஷாந்த் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "கரண்ட் குடுத்தா எல்லாத்துலயும் ஏதாச்சும் இருக்கும். நான் பாக்குறது பெட்டியோட இயல்ப."

இயல்பில் அவை முதல் தரம் என்று தீர்ப்பானது. "தெளிவானது" என்று பொன்னிற எழுத்தில் சான்றிதழ் கொடுத்தார்கள். ஐந்து வருடம் செல்லும். மதுரன் கையெடுத்துக் கும்பிடப் போனபோது ஒரு பியோன் வந்து பெட்டிகளின் திருகாணி ஒவ்வொன்றிலும் சிவப்பு முத்திரை ஒட்டினான். சான்றளித்த பெட்டியைத் திறப்பதும் திருத்துவதும் குற்றம். திருத்தினால் அது சான்றளித்த பெட்டி ஆகாதே. புதுக் கூம்பு பையிலேயே கிடக்க, மதுரன் மலை ஏறினான். மாட்டிக்கொண்டோம் என்று அவனுக்கு வழியிலேயே லேசாகத் தட்டியது. ஆனால் முதல் தரம் என்று எழுதிய தாளைப் பார்த்தால் யாருக்குத்தான் கொஞ்சம் பெருமை வராது.

விழா தோட்டத்துப் பள்ளிக்கூட மைதானத்தில் நடந்தது. அறுபத்திரண்டு குடும்பமும் வந்தது. பணிப்பாளர் முக்கால் மணி நேரம் பேசினார். இடது பெட்டி பனியில் மௌனம். வலது பெட்டியில் லொறி ஏறியது. சனத்துக்கு ஒரு சொல் விளங்கவில்லை. ஆனாலும் பணிப்பாளருக்குக் கைவீச்சு அருமை. கைகள் இரண்டையும் அகல விரித்தார். பெரிய வீடு என்று எல்லோரும் புரிந்துகொண்டார்கள். ஆள்காட்டி விரலை வானத்துக்கு நீட்டினார். மாடி வீடாக இருக்குமோ என்று சிலர் கிசுகிசுத்தார்கள். நெஞ்சைத் தொட்டுத் தலை குனிந்தபோது, லயத்தில் அவர்களுக்குப் பக்கத்துக் காம்பராவில் இருக்கும் அழகம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இப்படி ஒரு கைதட்டலைத் தான் எந்தத் தோட்டத்திலும் வாங்கியதில்லை என்று பணிப்பாளர் செயலாளரிடம் சொன்னாராம்.

பிறகு செயலாளர் சிவசாமி மண்ணிற உறையைப் பிரித்துப் பெயர்ப் பட்டியலை எடுத்தார். பட்டியலை எங்கும் ஒட்டுவதில்லை, யாருக்கும் காட்டுவதில்லை. இது அறிவித்தல் சபை. காட்டுகிற சபை அல்ல. பெயரை ஒரு தடவை ஒலிபெருக்கியில் வாசிப்பார்கள். பெயருக்குரியவர் அந்த இடத்திலேயே பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வீடு கைவிட்டுப் போகும். தோட்டத்துப் பெரட்டிலிருந்து இந்த முறையை எடுத்தோம் என்று சபை தன் ஆண்டறிக்கையில் மார்தட்டியிருந்தது.

அங்கேதான் வினை. பெரட்டு என்றால் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற இடம். கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிடும்போது "இருக்கேங்க" என்று சொல்லாதவருக்கு அன்றைய பேர் இல்லை, அதாவது சம்பளம் இல்லை. நான்கு தலைமுறையாக அந்த மைதானத்துச் சனம் காற்றிலும் மழையிலும் நின்று பழகியது ஒன்றே ஒன்று: முதலில் பதில் சொல், பெயர் யாருடையது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலாவது பெயரை சிவசாமி வாசித்தார். லொறி உறுமியது. அறுபத்திரண்டு குடும்பமும் ஒரே குரலில் "இருக்கேங்க" என்றது. இரண்டாவது பெயர். இருக்கேங்க. இப்படி இருபது தடவை. பக்கத்தில் இருந்த எழுதுவினைஞர் வேர்த்து விறுவிறுத்துக் குறித்துக்கொண்டே இருந்தார்.

பத்தாம் நாள் கடிதம் வந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் அறுபத்திரண்டு பேர் உரிமை கோரியிருப்பதால் இருபது வீடும் பிணக்குக்கு உட்பட்டவை. மக்கள் தமக்குள் உள்ள பேராசையைத் தீர்த்துக்கொள்ளும்வரை சபை எதையும் செய்ய இயலாமைக்கு வருந்துகிறது.

ஜெயந்தினி கடிதத்தை நம்பவில்லை. ஏழாவதாக வாசித்தது தன் பெயர்தான் என்று சத்தியம் செய்தாள். அழகம்மாவும் அந்த ஏழாவது தன்னுடையதே என்றாள். லயம் லயமாக எல்லோருக்கும் ஏதோ ஓர் எண்ணில் தன் பெயர் கேட்டிருந்தது. அதில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. சந்தேகம் எல்லாம் மதுரன் மேல்தான். இந்தப் பாழாய்ப்போன பெட்டியால் வந்த கேடு என்று அவன் வாசலில் வந்து நின்று திட்டினார்கள். பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போனால் பேச்சு நின்றது. பதினொரு வருடம் தங்கள் கலியாணங்களை அந்தப் பெட்டியில் கேட்டவர்கள்தான். அவர்கள் சொன்னது உண்மை.

அவன் மறுபடியும் ஹட்டனுக்குப் போனான். செயலாளர் சிவசாமி தன் மேசைக்கு முன்னால் மூன்று மணி நேரம் காத்திருக்க வைத்தாலும் மரியாதையாகத்தான் பேசினார். ஸ்பீக்கர் சரியில்லை ஐயா, சனத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை, பட்டியலை இன்னொரு முறை வாசியுங்கள் என்று மதுரன் கெஞ்சினான். சிவசாமி கோப்பைத் திறந்து அவனுடைய சான்றிதழின் பிரதியை அவன் பக்கம் திருப்பி வைத்தார்.

"இதுல தெளிவானதுன்னு எழுதியிருக்கு. கையெழுத்து வச்சது எங்க உத்தியோகத்தர். இப்ப நீங்க தெளிவில்லன்னு சொல்றீங்க. அப்ப எங்க உத்தியோகத்தர் பொய் சொன்னாரா, இல்ல சான்றிதழ் வாங்க நீங்க ஏமாத்துனீங்களா? முதலாவதுன்னா அவதூறு. ரெண்டாவதுன்னா மோசடி. எது வசதின்னு சொல்லுங்க, அதுக்குரிய படிவம் தாறேன்."

மதுரன் இரண்டு படிவமும் வேண்டாம் என்றான்.

"மூணாவது ஒண்ணு இருக்கு" என்றார் சிவசாமி, குரலைத் தாழ்த்தி, உதவி செய்கிறவரைப் போல. "பெட்டி நல்லது. சனத்துக்குத்தான் காது கேக்கல. அப்பிடி ஒரு பிரிவு முழுக்க காது கேக்கலன்னு நிரூபிச்சா மீள் அறிவித்தலுக்கு இடமுண்டு."

திருத்த அனுமதி கேட்டும் ஒரு மனு எழுதிக் கொடுத்துப் பார்த்தான். தெளிவானது எனச் சான்றளிக்கப்பட்ட கருவிக்குத் திருத்தம் தேவைப்படாது என்று கையோடு பதில் கிடைத்தது. இந்தச் சபையிடமிருந்து அவனுக்கு உடனே கிடைத்த பதில் அது ஒன்றுதான்.

ஆகவே கீழ்ப் பிரிவு செவிடு என்று நிரூபிப்பதற்காக ஒரு சனிக்கிழமை செவிப்புலன் பரிசோதனை நடந்தது. வைத்தியர் யாரும் வரவில்லை. சபைக்கு வைத்தியரை அனுப்பும் அதிகாரம் இல்லை, அறிவிக்கும் அதிகாரம்தான் உண்டு. கிஷாந்த் மட்டும் வந்து, மதுரனின் அதே பெட்டிகளை மைதானத்தில் வைக்கச் சொல்லி, மைக்கைப் பிடித்து ஒரு கேள்வி கேட்டார். பக்கத்தில் நின்றதால் மதுரனுக்கு மட்டும் அது விளங்கியது. நான் பேசுவது கேட்கிறவர்கள் கையை உயர்த்துங்கள் என்பது கேள்வி.

சனத்துக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் ஓர் உத்தியோகத்தர் மைக்கில் ஏதோ சொல்லிவிட்டுத் தங்களையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். பெயராகத்தான் இருக்க வேண்டும். அறுபத்திரண்டு குடும்பமும் கையை உயர்த்தி "இருக்கேங்க" என்றது. மதுரன் ஓடிப்போய், கையை இறக்குங்கள், இறக்குங்கள் என்று கத்தினான். முன்வரிசையில் நின்ற ஒருவர், தன்னை விட்டுவிட்டு மற்றவர்களுக்கு வீடு வாங்கிக் கொடுக்கப் பார்க்கிறான் என்று அவன் சட்டையைப் பிடித்துவிட்டார்.

அறிக்கை இரண்டு பக்கம். கீழ்ப் பிரிவு மக்களின் செவிப்புலன் நூற்றுக்கு நூறு. மலைநாட்டிலேயே இது முன்மாதிரிப் பிரிவு. ஒலிபெருக்கியும் நல்லது, காதுகளும் நல்லவை, ஆகவே பிரச்சினை எதுவும் இருந்ததில்லை. வாழ்த்துகள்.

அந்த வாழ்த்து வந்த கிழமையே மழை பிடித்துக்கொண்டது. வெடிப்பில் ஜெயந்தினியின் இரண்டு விரல் சேர்ந்து போனது. தனுஜாவை அந்தச் சுவர்ப் பக்கத்திலிருந்து மாற்றி வாசல் ஓரமாகப் படுக்க வைத்தார்கள். மூன்றாம் நாள் மண்மேட்டிலிருந்து ஒரு கல் உருண்டு வந்து கூரைத் தகரத்தில் விழுந்தது. அதற்குப் பிறகு ஜெயந்தினி படுக்கவே இல்லை. குந்திக்கொண்டு மேட்டின் பக்கமே காதைக் கொடுத்திருந்தாள். பக்கத்தில் படுத்திருந்த மதுரனுக்குப் பயம் ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம். இந்த மலையில் எத்தனை ஆயிரம் பேருக்குச் சத்தம் போட்டுக் கொடுத்தவன், தன் பெண்சாதியின் பெயரை ஒழுங்காகக் கேட்க வைக்க முடியாதவன் ஆகிவிட்டான்.

நல்லவேளையோ கெட்டவேளையோ, சபையின் நிதியாண்டு முடிய இருந்தது. அறிவிக்க வேண்டிய இலக்கில் இருபது வீடு குறைந்தது. பிணக்கிலுள்ள வீடுகளை மறுபடியும் அறிவித்தால் அவை புது வீடுகளாகக் கணக்கில் வரும் என்று யாரோ ஒரு மூளைசாலி கண்டுபிடிக்க, கீழ்ப் பிரிவில் மீள் அறிவித்தல் விழா என்று கடிதம் வந்தது. ஒலிபெருக்கி: சான்றளிக்கப்பட்டது, மதுரன் உடையது.

மதுரன் நேராகத் தலவாக்கலைக்குப் போனான். நஸார் நானா கடை வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "என்ன மதுரன், அந்தப் பொட்டிய இன்னம் வெச்சிக்கிட்டா ஈக்கிறீங்க? ஹட்டன் வரைக்கும் கத வந்திட்டு" என்றார். மதுரன் விஷயத்தைச் சொன்னான். நஸார் சிரிக்கவில்லை. உள்ளே போய், கண்ணாடித்தாள்கூடப் பிரிக்காத இரண்டு புதுப் பெட்டிகளைத் தூக்கி வந்து ஓட்டோவில் வைத்தார். ஒரு நாளைக்கு மட்டும், கீறல் விழாமல் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்றார். "பெயரக் கேக்க வெச்சிட்டு வாங்க. மத்தத அல்லாஹ் பாத்துக்குவான்."

விழாவன்று மதுரன் விடியுமுன்னே மைதானத்துக்குப் போனான். முத்திரை ஒட்டிய பழைய பெட்டிகளை மேடையின் இரு பக்கமும் முன்னால் வைத்தான். வயர் எதுவும் கொடுக்கவில்லை. அவற்றுக்குப் பின்னால், பணிப்பாளரின் படம் போட்ட துணி பெனருக்குள் புதுப் பெட்டிகள் மறைந்திருந்தன. ஜெயந்தினியிடம் மட்டும் சொல்லியிருந்தான். அவள் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகிற உடுப்பில் வராமல், கலியாணத்துக்குக் கட்டுகிற சேலையைக் கட்டி, தனுஜாவுக்கும் தலை பின்னிக் கூட்டிவந்து முன்னால் நின்றாள்.

பணிப்பாளர் மைக்கைப் பிடித்து "அன்பார்ந்த மக்களே" என்றார். மலைக்கு அந்தப் பக்கம் வரை தெளிவாகக் கேட்டது. பணிப்பாளரே திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். இத்தனை வருடத்தில் தன் குரலை அவர் முதல் தடவையாகக் கேட்கிறார் போலும். ஆனால் மனப்பாடம் செய்த பேச்சு, வாய் நிற்கவில்லை.

"வீடு என்பது வெறும் நான்கு சுவர் அல்ல. வீடு என்பது ஓர் உணர்வு. அந்த உணர்வைச் சபை உங்களுக்குச் சென்ற விழாவிலேயே வழங்கிவிட்டது. எஞ்சியிருப்பது சுவர்கள் மாத்திரமே." கைகளை அகல விரித்தார். "எங்களிடம் காணி இல்லை, நிதி இல்லை, திட்டவரைபடம் இல்லை. எமது குறைபாடுகள் இவ்வளவு பெரியவை. இவ்வளவு இல்லாமைக்கு மத்தியிலும் அறிவித்தலை நாங்கள் ஒருநாளும் நிறுத்தியதில்லை." விரலை வானத்துக்கு நீட்டினார். "அனுமதி மேலிடத்தில் இருக்கிறது. மேலிடம் எங்கே இருக்கிறது என்று நாமும் தேடிக்கொண்டிருக்கிறோம்." நெஞ்சைத் தொட்டுத் தலை குனிந்தார். "எனது இடமாற்றம் உறுதியாகிவிட்டது என்பதை மகிழ்ச்சியுடன் அறியத்தருகிறேன்."

கைதட்டல் எழவில்லை. சனம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. பேச்சு எப்படிப் போனால் என்ன, பட்டியல் இருக்கிறது என்று மதுரன் மனதைத் தேற்றிக்கொண்டான். சிவசாமி மண்ணிற உறையைப் பிரித்தார். தாளைப் பார்த்தார், பெனரைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார். அதுவும் தெளிவாகக் கேட்டது. வேறு வழியில்லாமல் வாசித்தார்.

"இலக்கம் ஒன்று. பயனாளியின் பெயர் பின்னர் அறிவிக்கப்படும். இலக்கம் இரண்டு. பயனாளியின் பெயர் பின்னர் அறிவிக்கப்படும்."

மூன்றும் அப்படியே. நான்கும் அப்படியே. ஏழாவதும் அப்படித்தான். பதில் சொல்லப் பழகிய அந்த மைதானத்தில் ஒரு வாயும் திறக்கவில்லை. இருபதாவது முடிந்தபோது, எங்கோ பீலியில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அந்த அமைதியில் கிஷாந்த் எழுந்தார். சத்தம் இவ்வளவு தெளிவாக இருப்பது அவருக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகமாக இருந்ததாம். மேடையைச் சுற்றி வந்து பெனரை விலக்கிப் பார்த்தார். முத்திரை இல்லாத புதுப் பெட்டிகள் இரண்டு பளபளவென்று நின்றன. செயலாளர் சிவசாமியின் முகத்தில் போன உயிர் திரும்பி வந்தது.

"சான்றளிக்கப்படாத ஒலிபெருக்கியில கேட்டது கேட்டதாகாது" என்று மைக்கில் அறிவித்தார். "சட்டப்படி இங்க இன்னைக்கு யாரும் எதையும் கேக்கல. சான்றளிச்ச பெட்டியில வயரைக் குடுத்தா மறுபடியும் வாசிக்க சபை தயார். மதுரன்ட விஷயத்த பிறகு பாத்துக்கொள்றம்."

மதுரன் மேடையில் பாய்ந்து மைக்கைப் பிடுங்கினான். வாழ்நாளில் மைக்கில் செக் ஒன்று, இரண்டு, மூன்று தவிர வேறு எதுவும் சொல்லாதவன். "எல்லாரும் கேட்டீங்கதானே?" என்றான். "லிஸ்டுல ஒரு பேருகூட இல்லீங்க. அன்னைக்கும் இதேதான் வாசிச்சிருக்காங்க. எம் பொட்டியால ஒண்ணும் போகல. போறதுக்கு அங்க ஒண்ணுமே இல்ல."

அவ்வளவு தெளிவாக யாருடைய குரலும் அந்த மலையில் கேட்டதில்லை. இனி எழும்புவார்கள், மேடையைச் சுற்றி வளைப்பார்கள், ஒரு கல்லாவது எறிவார்கள் என்று அவன் காத்திருந்தான். சனம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றது. அழகம்மாதான் மெல்ல முன்னால் வந்தாள்.

"ஐயா சொல்றதக் கேளு, தம்பி. பழைய பொட்டியப் போடு."

அவன் அதிர்ந்துபோய் ஜெயந்தினியைப் பார்த்தான். அவளும்தான் எல்லாவற்றையும் கேட்டாள். கலியாணச் சேலையின் தலைப்பைத் தனுஜாவின் தோளைச் சுற்றிப் போர்த்தியபடி நின்றாள். மேற்கே மறுபடியும் மழை இருட்டிக்கொண்டு வந்தது. பின்னர் அறிவிக்கப்படும் என்பதை வைத்துக்கொண்டு அந்தச் சுவருக்குக் கீழே ஓர் இரவு எப்படிப் படுப்பது?

"போடுங்க" என்றாள். "அதுல என் பேரு கேட்டுச்சு."

மதுரன் மேடையை விட்டு இறங்கினான். புதுப் பெட்டிகளின் வயரைக் கழற்றிப் பழையவற்றில் கொடுத்தான். தன் தொழிலில் இதைவிடக் கேவலமான வேலையை அவன் செய்ததில்லை. சிவசாமி தாளை மறுபடியும் எடுத்து ஆரம்பித்தார். இடது பெட்டி பனியில் மௌனம். வலது பெட்டியில் லொறி மேட்டில் ஏறியது. மைதானத்துக்கு மூச்சு வந்தது. முதலாவதற்கு அறுபத்திரண்டு குடும்பமும் "இருக்கேங்க" என்றது. இரண்டாவதற்கும் என்றது. எழுதுவினைஞர் குறிக்கத் தொடங்கினார்.

மதுரன் விரலை மடக்கி எண்ணிக்கொண்டு நின்றான். தாளில் என்ன இருக்கிறது என்பது அவனுக்கு எழுத்துக்கு எழுத்துத் தெரியும். ஏழாவது வந்தபோது மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைக் கொடுத்தான். ஜெயந்தினி என்றுதான் கேட்டது. எல்லோரையும் முந்திக்கொண்டு, "இருக்காங்க" என்று கத்தினான்.